குற்றக் கும்பல்களைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைக் கடத்தல், மணல் கொள்ளை, கூலிப்படை, கறுப்புப் பணம் போன்றவற்றைத் தோண்டி எழுதுகிறவர்களுக்கு என்னதான் ஆபத்து என்று புதிதாக வரும் நிருபர்கள் கேட்பதுண்டு. வாசகர்களும் கேட்பார்கள், நிருபரைப் பெற்றவர்கள் அதைவிட அதிகமாகவே கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம்; சிலவற்றுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

போர்முனைக்குப் போகும் செய்தியாளரைவிட இவர்களுக்கு ஆபத்து அதிகமா?

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஆபத்தின் தன்மையே வேறு. போர்ச் செய்தியாளருக்கு முனை எது என்று தெரியும். தலைக்கவசம் உண்டு, குண்டு துளைக்காத அங்கி உண்டு, வேலை முடிந்தால் திரும்பிப் போக வீடும் வேறோர் ஊரில் இருக்கும். குற்றக் கும்பலைப் பற்றி எழுதுகிறவர் பெரும்பாலும் அந்தக் கும்பல் இருக்கும் ஊரிலேயே குடியிருக்கிறார். எத்தனை மணிக்கு வண்டியை எடுக்கிறார், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் இரண்டு நாள் நோட்டம் விட்டால் போதும்.

தாதாவைப் பற்றி எழுதினாலே சுட்டுவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். பிடிபட்ட சரக்கு, இரண்டு கோஷ்டிகளின் மோதல், நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்ட ரவுடி எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட விஷயங்கள். தங்கள் பெயர் பேப்பரில் அடிபடுவதை ரசிக்கும் கும்பல் தலைவர்கள்கூட உண்டு. கும்பலையும் அரசாங்கத்தையும் இணைக்கும் கயிற்றில் கைவைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது: பணம் யார் பெயரில் போகிறது, டெண்டர் யாருக்குக் கிடைத்தது, எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

கொலம்பியாவின் 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோவை எடுத்துக்கொள்ளுங்கள். போதைக் கடத்தல் தாதா பாப்லோ எஸ்கோபார் நாடாளுமன்றத்தில் மாற்று உறுப்பினராகி, மக்கள் தொண்டர் வேடம் போட்டுக்கொண்டிருந்த நேரம். 1976-ல் போதைப்பொருள் வழக்கில் அவர் கைதான பழைய செய்தியை, நாளிதழின் ஆவணக் கிடங்கிலிருந்து தேடி எடுத்து 1983-ல் மறுபடியும் அச்சிட்டார் கானோ. புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒரு பழைய தாள் எஸ்கோபாரின் அரசியல் கனவை முடித்துவைத்தது. 1986 டிசம்பர் 17 அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்த கானோ சுட்டுக்கொல்லப்பட்டார். 1989-ல் அந்த நாளிதழின் கட்டடத்துக்கே குண்டு வைத்தார்கள்.

ஸ்லோவாக்கியாவின் யான் குசியாக் எழுதிக்கொண்டிருந்தது இத்தாலியின் கலாப்ரியா மாஃபியாவைப் பற்றி. ஆனால் துப்பாக்கிச் சண்டைக் கதை எதுவும் அதில் இல்லை. விவசாய மானியம், நிறுவனப் பதிவுகள், பிரதமர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் அந்த வட்டத்துக்கும் இருந்த தொடர்பு என்று முழுக்க முழுக்கக் காகித வேலை. 2018 பிப்ரவரியில் அவரையும் அவர் மணக்கவிருந்த மார்ட்டினா குஷ்னீரோவாவையும் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். இருவருக்கும் வயது 27.

இந்தியாவில் சத்தீஸ்கரின் பீஜப்பூரில் முகேஷ் சந்திராகர் சாலை ஒப்பந்தத்தில் நடந்த முறைகேட்டை வெளிக்கொண்டுவந்தார். 2025 ஜனவரி முதல் தேதி காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து, ஒப்பந்ததாரர் ஒருவருக்குச் சொந்தமான இடத்தில், புதிதாகப் பூசப்பட்ட கழிவுநீர்த் தொட்டிக்குள் உடல் கிடைத்தது. தார் ரோடு பற்றிய செய்திக்கு உயிர் போகும் என்று யார் நினைப்பார்கள்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மும்பையில் 2011 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்ட 'மிட் டே' நாளிதழின் ஜோதிர்மாய் டே, நிழல் உலகத்தைப் பற்றியே எழுதிவந்தவர். அந்த வழக்கில் தாதா சோட்டா ராஜனுக்கு 2018-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதிகம் பலியாவது யார்?

உள்ளூர் நிருபர்கள். தலைநகரத்திலிருந்து வரும் பெரிய சேனல் ஆளையும் வெளிநாட்டு நிருபரையும் தொட்டால் சத்தம் அதிகமாகும் என்று கும்பலுக்குத் தெரியும். சின்ன ஊரில் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பகுதிநேர நிருபருக்காக யார் தெருவில் இறங்கப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்த நிருபருக்கு நிறுவன அடையாள அட்டைகூடச் சில நேரம் இருக்காது. செத்த மறுநாளே "அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று கைகழுவும் நிர்வாகங்களும் உண்டு.

புகைப்படக்காரரையும் டிரைவரையும் மறந்துவிடுகிறோம். ஈக்வடாரின் 'எல் கொமெர்சியோ' நாளிதழ் குழு 2018 மார்ச்சில் கொலம்பிய எல்லையில் ஆயுதக் கும்பலால் கடத்தப்பட்டு, பிறகு கொல்லப்பட்டது. மூவரில் ஒருவர் நிருபர், ஒருவர் புகைப்படக்காரர், ஒருவர் வண்டி ஓட்டியவர்.

கொலைக்கு முன்னால் அறிகுறி எதுவும் தெரியுமா?

பெரும்பாலான சம்பவங்களில் தெரிந்திருக்கிறது. அயர்லாந்தின் வெரோனிகா கெரின் வீட்டின்மீது 1994-ல் சுட்டார்கள். 1995 ஜனவரியில் வாசல் கதவைத் திறந்தபோது காலில் சுட்டார்கள். அதே ஆண்டு, அவர் விசாரிக்கப் போன ஆளே அவரை அடித்து நொறுக்கினார். 1996 ஜூன் 26 அன்று டப்ளினுக்கு வெளியே, சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தபோது பைக்கில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

படிகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதலில் நைச்சியம்: விளம்பரம் தருகிறோம், ஒரு கவர் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, பொதுவான நண்பர் ஒருவர் மூலமாக "அவனைக் கொஞ்சம் பார்த்து எழுதச் சொல்லு" என்று சேதி வரும். பிறகு வக்கீல் நோட்டீஸ், நள்ளிரவு போன், வீட்டு வாசலில் செத்த பிராணி, எரிந்த வண்டி. என்னைக் கேட்டால் உரக்கக் கத்தி மிரட்டுகிறவரைவிட, வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லி "சௌக்கியமா?" என்று விசாரிப்பவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நோட்டம் பார்த்து முடித்தவர் அவர்தான். வந்துகொண்டிருந்த மிரட்டல் திடீரென்று நின்றுபோவதும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

போலீஸில் புகார் கொடுத்தால் போதாதா?

புகார் கொடுத்தே ஆக வேண்டும். போதுமா என்றால், போதாது. குசியாக் தன்னை மிரட்டிய தொழிலதிபர்மீது 2017-லேயே புகார் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பிண்டில் போலீஸ் அதிகாரிக்கும் மணல் மாஃபியாவுக்கும் உள்ள தொடர்பை ரகசியக் கேமராவில் பதிவுசெய்த சந்தீப் சர்மா, உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துப் பாதுகாப்புக் கேட்டிருந்தார். 2018 மார்ச்சில் லாரி மோதி இறந்தார். மெக்சிகோவின் லூர்தெஸ் மால்டொனாடோ 2019-ல் அதிபரின் செய்தியாளர் சந்திப்பிலேயே எழுந்து நின்று, உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றார். மாநிலப் பாதுகாப்புத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டிருந்தார். 2022 ஜனவரியில் திகுவானாவில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

நீங்கள் எழுதுவதே காவல்துறையில் உள்ள ஒருவருடைய மாமூலைப் பற்றி என்றால், புகார் போய்ச் சேருவது அவருடைய மேசைக்கா, அவர் நண்பருடைய மேசைக்கா என்ற சிக்கலும் உண்டு. அதனால் புகாரின் நகலை ஆசிரியர், வழக்கறிஞர், செய்தியாளர் சங்கம், வெளியூர்ச் சக நிருபர் என்று நான்கு பேரிடம் தேதியோடு கொடுத்து வையுங்கள். நாளைக்கு "எங்களுக்கு எதுவுமே தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாமல் செய்வதற்குத்தான் அந்தக் காகிதம். நியூயார்க்கிலிருந்து இயங்கும் செய்தியாளர் பாதுகாப்புக் குழு, பாரிஸிலிருந்து இயங்கும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு போன்றவற்றுக்கும் ஒரு நகல் போகட்டும். அவசரத்தில் ஊர் மாறப் பண உதவி செய்யும் அமைப்புகள் அவை.

வழக்கு போடுவதை ஆபத்து என்று சொல்லலாமா?

தாராளமாக. மால்டாவின் டாஃப்னி கருவானா கலீஸியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர்மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அமைச்சர் ஒருவர் வழக்குப் போட்டு அவருடைய வங்கிக் கணக்குகளை முடக்க வைத்திருந்தார். அவர் இறந்த பிறகும் சில வழக்குகள் வாரிசுகள்மீது தொடர்ந்தன.

வழக்குப் போடுகிறவருக்கு ஜெயிப்பது நோக்கமில்லை. வாய்தா வாய்தாவாக அலையவைத்து, பணத்தையும் நேரத்தையும் உறிஞ்சி, "இவர்மீது இத்தனை கேஸ் இருக்கிறதே, உண்மையாக இருக்குமோ" என்று ஊரைப் பேச வைப்பதுதான் நோக்கம். அப்படித் தனித்துவிடப்பட்ட ஆளை அடிப்பது சுலபம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இத்தகைய வாயடைப்பு வழக்குகளுக்கு எதிராகக் கொண்டுவந்த நெறிமுறையை 'டாஃப்னி சட்டம்' என்றே பலரும் அழைக்கிறார்கள்.

கையில் இருக்கும் செல்போனால் என்ன ஆபத்து?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும். மெக்சிகோவின் செசிலியோ பினேதா 2017 மார்ச்சில் கார் கழுவும் இடம் ஒன்றில் காத்திருந்தபோது கொல்லப்பட்டார். பெகாசஸ் உளவு மென்பொருளுக்காகத் தேர்வு செய்யப்பட்ட எண்களின் பட்டியலில் அவர் எண்ணும் இருந்தது 2021-ல் வெளிவந்தது. அவருடைய போன் கிடைக்கவே இல்லை. 2017-லேயே கொல்லப்பட்ட இன்னொரு மெக்சிகோ செய்தியாளர் ஹவியேர் வால்தெஸின் மனைவிக்கு, கணவர் இறந்த சில நாட்களில் அதே மென்பொருளை ஏவும் குறுஞ்செய்திகள் வந்தன.

விலை உயர்ந்த மென்பொருள்தான் வேண்டும் என்பதுமில்லை. வண்டிக்கு அடியில் ஒட்டிய சின்ன டிராக்கர், தெரிந்த ஆள் மூலம் எடுத்த அழைப்புப் பட்டியல், பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் தெரியும் வீட்டு வாசல் என்று எது கிடைத்தாலும் போதும். ஈக்வடாரில் 2023 மார்ச்சில் செய்தியாளர்கள் சிலருக்குத் தபாலில் பென் டிரைவ்கள் வந்தன. ஒருவர் கணினியில் செருகியதும் அது வெடித்தது. சிறு காயத்தோடு தப்பினார். தெரியாத பென் டிரைவைச் செருகினால் வைரஸ் வரும் என்று மட்டும்தான் அதுவரை எச்சரித்துக்கொண்டிருந்தோம்.

செய்தி சேகரிப்பில் எந்தக் கட்டம் மிக ஆபத்தானது?

குற்றம்சாட்டப்படுபவரிடம் விளக்கம் கேட்கும் கட்டம். இதைப் பயிற்சி வகுப்புகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்காமல் செய்தி போடக் கூடாது. அது தொழில் தர்மம். வழக்கு வந்தால் காப்பதும் அதுதான். ஆனால் அந்தக் கேள்வியை அனுப்பும் நொடியில், உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தியோ இன்னும் வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் உங்களை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும் என்ற எண்ணம் அவருக்கு வரக் கூடாது. ஆகவே கேள்விக் கடிதம் ஆசிரியர் பெயரிலோ நிறுவன வழக்கறிஞர் பெயரிலோ போக வேண்டும். பதிலுக்கான கெடு குறுகியதாக இருக்கட்டும். ஆவணங்கள் ஏற்கெனவே பலர் கையில் இருக்கின்றன என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிய வேண்டும். "நேரில் வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். அவர் சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

இதற்கு முந்தைய கட்டத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தகவல் கேட்டு அரசுக்குப் போடும் மனுவில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும். மனு போன அலுவலகத்திலிருந்து அது யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வீட்டு முகவரி கொடுக்காமல் அலுவலக முகவரி கொடுப்பது குறைந்தபட்சப் புத்திசாலித்தனம்.

தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வருகிறவர் சொல்லிவிட்டு வரமாட்டார். "இருதரப்பும் சுட்டுக்கொண்டது" என்று வழக்கை மூடவும் அது வசதியாகப் போகும்.

பெயர் போடாமல் எழுதினால் தப்பலாமா?

ஓரளவு. மெக்சிகோவில் பல நாளிதழ்கள் இத்தகைய செய்திகளுக்கு நிருபர் பெயரை எடுத்துவிட்டு, ஆசிரியர் குழு என்று மட்டும் போடுகின்றன. சின்ன ஊரில் இந்தத் தந்திரம் எடுபடாது. அந்த விஷயத்தைப் பற்றி விசாரித்துத் திரிந்த ஒரே ஆள் யார் என்று டீக்கடைக்குக்கூடத் தெரியும். பல ஊர்ப் பத்திரிகைகள் ஒரே செய்தியை ஒரே நாளில் போடுவது இதைவிடப் பயனுள்ளது.

ஆயுதக் காவல் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

உயிர் தங்கலாம். வேலை தங்குமா என்பது வேறு கேள்வி. நேப்பிள்ஸின் கமோரா கும்பலைப் பற்றி எழுதிய ரொபெர்த்தோ சவியானோ 2006 முதல் போலீஸ் பாதுகாப்போடு வாழ்கிறார். நினைத்த நேரத்தில் நடைபோகக்கூட முடியாத வாழ்க்கை அது. மெக்சிகோவின் 'ஸெதா' வார இதழ் ஆசிரியர் ஹெஸுஸ் பிளாங்கோர்னெலாஸ் 1997-ல் தாக்கப்பட்டபோது அவருடைய மெய்க்காவலர் செத்தார். இவர் பிழைத்து, 2006-ல் நோயால் இறக்கும்வரை ராணுவ வீரர்கள் சூழத்தான் நடமாடினார். யோசித்துப் பாருங்கள், ஆறு காவலர்களோடு வரும் நிருபரிடம் எந்த அரசு ஊழியர் ரகசியம் பேசுவார்? தகவல் தருபவர் மறைந்துவிடுகிறார். கும்பலுக்கு அதுவே பாதி வெற்றி.

கொன்றவர்கள் பிடிபடுகிறார்களா?

யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006-க்குப் பிறகு நடந்த செய்தியாளர் கொலைகளில் சுமார் 85 சதவீதம் தீர்க்கப்படாமலே இருக்கின்றன. இது எல்லா வகைக் கொலைகளுக்குமான கணக்கு.

தீர்ந்த வழக்குகளிலும் எய்தவன் இருக்க அம்புதான் சிறைக்குப் போகிறது. ஆம்ஸ்டர்டாமில் 2021-ல் சுடப்பட்ட குற்றச் செய்தியாளர் பீட்டர் ஆர். டெ ஃப்ரீஸ் கொலையில் சுட்டவருக்கும் கார் ஓட்டியவருக்கும் 2024-ல் தலா 28 ஆண்டு கிடைத்தது. உத்தரவிட்டவர் யார் என்பது அந்தத் தீர்ப்பில் நிலைநாட்டப்படவில்லை. குசியாக் வழக்கில் சுட்டவர் உள்ளே இருக்கிறார். ஏவியதாகக் குற்றம்சாட்டப்பட்ட தொழிலதிபர் இரண்டு முறை விடுவிக்கப்பட்டு, இரண்டு முறையும் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. கூலிக்காரனுக்குக் காசு கொடுத்தவன், அவனுக்குக் காசு கொடுத்தவன் என்று இடையில் நான்கு கை மாறும்படி ஏற்பாடு செய்வதே இதற்காகத்தான்.

செத்தவரின் பெயரைக் கெடுப்பது இன்னொரு உத்தி. சிசிலியில் மாஃபியாவை வானொலியில் கிண்டலடித்த பெப்பீனோ இம்பஸ்தாத்தோவை 1978 மே 9 அன்று கொன்று, தண்டவாளத்தில் வெடிவைத்து, தீவிரவாதி தானே குண்டு வைக்கப் போய்ச் செத்தான் என்று கதை கட்டினார்கள். உத்தரவிட்ட மாஃபியா தலைவருக்குத் தண்டனை கிடைக்க 2002 ஆயிற்று; 24 ஆண்டு பெப்பீனோவின் தாயும் தம்பியும் போராடினார்கள். பெண்ணாக இருந்தால் ஒழுக்கத்தைத் தொடுவார்கள். மெக்சிகோவின் ரெஹினா மார்த்தினெஸ் 2012-ல் கொல்லப்பட்டபோது, திருட்டு, காதலன் என்றே விசாரணை திருப்பிவிடப்பட்டது. கெரின் இறந்தபோது "சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா" என்று கேட்டவர்கள் உண்டு. ஆண் நிருபரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒருவரைக் கொன்றால் செய்தி நின்றுவிடுமா?

பல இடங்களில் நின்றுவிடுகிறது, மறைப்பதற்கில்லை. மெக்சிகோவின் 'சோகலோ' நாளிதழ் 2013-ல், இனி குற்றக் கும்பல் செய்திகளை வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. 2010-ல் சியுதாத் ஹுவாரஸின் 'எல் தியாரியோ', தன் புகைப்படக்காரர் கொல்லப்பட்ட பிறகு, எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கும்பல்களையே கேட்டுத் தலையங்கம் எழுதியது. அரசாங்கத்தைக் கேட்காமல் கும்பலைக் கேட்டதிலேயே ஊர் யார் கையில் என்பது தெரிந்துவிட்டது.

நிற்காத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் டான் போல்ஸ் 1976-ல் கார் குண்டுக்குப் பலியானதும், 28 நாளிதழ், தொலைக்காட்சி நிறுவனங்களிலிருந்து 38 செய்தியாளர்கள் அங்கே வந்து இறங்கி அவர் விட்ட இடத்திலிருந்து தோண்டினார்கள். டாஃப்னி விட்டுச்சென்றதை 15 நாடுகளின் 45 செய்தியாளர்கள் தொடர்ந்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்த 'ஃபர்பிடன் ஸ்டோரீஸ்' அமைப்பு, மிரட்டலுக்குள்ளானவர்கள் தங்கள் ஆவணங்களை முன்கூட்டியே பத்திரப்படுத்தவும் வசதி வைத்திருக்கிறது. கொலம்பியாவின் ரஃபாயேல் மொரேனோ 2022 அக்டோபரில் கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்புதான் அதோடு தொடர்பு கொண்டிருந்தார். அவருடைய செய்திகள் அடுத்த ஆண்டு பல நாடுகளில் ஒன்றாக வெளிவந்தன. என் கணிப்பில், இருக்கிற பாதுகாப்புகளிலேயே ஓரளவு பலன் தருவது இதுதான்: தனியாக ஒரு தலைக்குள் செய்தியைப் பூட்டி வைக்காமல் இருப்பது.

இந்த வேலையிலிருந்து விலகினால் கோழைத்தனமா?

இல்லை. செய்தியைக் கைமாற்றிவிட்டு விலகுவது இன்னும் நல்லது. தூக்கம் போய், பைக் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிற நிலைக்கு வந்தவர் தொடர்ந்து இந்த வேலையில் இருந்தால் தப்பாக முடிவெடுப்பார். அது தகவல் தந்தவரின் உயிருக்கும் ஆபத்து. விடுப்பும் மருத்துவரும் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டில் எதுவரை சொல்லலாம்?

செய்தியின் உள்விவரம் வேண்டாம். தெரியாததை யாராலும் அவர்களிடமிருந்து கறக்க முடியாது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் யாரை அழைப்பது, தெரியாத ஆள் பார்சல் கொண்டுவந்தால் என்ன செய்வது, பள்ளியிலிருந்து பிள்ளையை யார் யார் மட்டும் அழைத்துவரலாம், வங்கி, காப்பீட்டுக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆசிரியரின் எண்ணும் வழக்கறிஞரின் எண்ணும் போனில் மட்டும் இருந்தால் போதாது. போன் தொலைந்தாலும் கிடைக்கும்படி, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.